அறுபதாம் பிறந்தநாள்: மண்டபமா, வீடு வீடாகப் போவதா? (திருகோணமலைக் குறிப்புகள்)

1 டிசம்பர் 2024

அறுபது வயதாகும் ஒருவர் தம் பிறந்தநாளுக்கு ஆட்களை அழைப்பதைவிட, தாமே அவர்களுடைய வீடுகளுக்குப் போவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.

எனக்கு இந்த மார்கழியில் அறுபது. பிள்ளைகள் கொழும்பு வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து, கேக் வெட்டி, நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். நான் பெயர்களை எழுதிப் பார்த்தேன். அந்த நூற்றைம்பது பேரில் என்னைச் சிறு பிள்ளையாகக் கண்டவர்கள் மூன்று பேர்கூட இல்லை. கண்டவர்கள் எல்லாரும் திருகோணமலையில் இருக்கிறார்கள். உவர்மலையில் இருக்கும் பெரியம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் இருத்தி அவரைக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. பள்ளித் தோழிகள் கிண்ணியாவிலும் சம்பூரிலும் நிலாவெளியிலும் இருக்கிறார்கள். ஆகவே நான்தான் போக வேண்டும்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி என் பிறந்தநாள் 1965 ஜனவரி 4. வீட்டில் அம்மா எப்போதும் மார்கழி உத்தரத்தில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவார். இந்த ஆண்டு மார்கழி உத்தரம் டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று தொடங்கி மூன்று நாள் என்று திட்டம். நவம்பர் இறுதியில் கிழக்கில் பெய்த மழையும் வெள்ளமும் இன்னும் முழுதாக வடியவில்லை என்கிறார்கள். அதற்குள் பாதைகள் சீராகிவிடும் என்று நம்புகிறேன்.

2 டிசம்பர் 2024

மணிவிழாவாகவே செய்துவிடலாமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அறுபதாம் கல்யாணம் என்று நாம் சொல்லும் சடங்கு கணவனுக்கு அறுபது நிறையும்போது செய்வது. அப்போது மனைவியின் வயது என்னவாக இருந்தாலும் அவள் பக்கத்தில் இருந்து மீண்டும் தாலி கட்டிக்கொள்வாள். பெண்ணுக்கு அறுபது நிறைவது குறித்து நம் வழக்கத்தில் தனியான சடங்கு எதுவும் இல்லை. முதலில் இது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. பிறகு, சடங்கு இல்லாத இடத்தில் எதைச் செய்வது என்பதை நானே முடிவுசெய்யலாம் என்று தோன்றியது. அறுபது ஆண்டுச் சுற்றில் நான் பிறந்த குரோதி வருடமே இப்போது மறுபடியும் நடக்கிறது. எனக்கு அந்த ஒரு கணக்குப் போதும்.

4 டிசம்பர் 2024

நேற்று ஒரு வாசகர் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மார்கழியில் அமாவாசை மூலம், பூராடம் ஆகிய நட்சத்திரங்களின் பக்கத்தில்தான் வரும். உத்தரம் அதற்கு ஏழெட்டு நாளுக்கு முன்பே வந்து போய்விடும். 1965 ஜனவரி 4 அமாவாசையை அடுத்து வந்த நாள்களில் ஒன்று. அப்படியானால் அன்று பிறந்தவருக்கு உத்தரம் எப்படி நட்சத்திரமாகும் என்று அவர் கேட்கிறார்.

அவர் சொல்வது சரி. பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பள்ளியில் சேர்ந்தது முதல், ஆசிரியப் பணியில் இருக்கும் இன்றுவரை, நான் நிரப்பிய ஒவ்வொரு படிவத்திலும் ஜனவரி 4 என்றே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மார்கழியிலும் உத்தரத்தன்று கோயிலுக்கும் போயிருக்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. நட்சத்திரம் தவறா, திகதி தவறா என்று சொல்லக்கூடிய அம்மாவும் அப்பாவும் இன்று இல்லை.

அம்மா சொன்னதாக நினைவில் நிற்பது ஒரே ஒரு வாக்கியம். "நீ புயலுக்குப் பிறந்தனி."

5 டிசம்பர் 2024

எந்தப் புயல் என்று கேட்டவர்களுக்கு: பெரியம்மாவின் மகன், என் அண்ணா, 1978ஆம் ஆண்டுச் சூறாவளி என்று தொலைபேசியில் சொன்னார். அது அந்த ஆண்டு நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கியது. அப்போது நான் உயர் வகுப்பை நோக்கிப் படித்துக்கொண்டிருந்த பெண். அம்மா சொன்னது 1964 டிசம்பர் 22இல் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறி வடக்கைக் குறுக்கே கடந்து போன புயலை. அதே புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியையும், அங்கே வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடலுக்குள் கொண்டுபோனது. தமிழ்நாட்டு வாசகர்கள் அதைத் தனுஷ்கோடிப் புயல் என்றே அறிவார்கள்.

அண்ணா என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்றாலும் 1964 அவருக்கு நினைவில்லை. பெரியம்மாவிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.

9 டிசம்பர் 2024

"நீங்கள் போவது அவர்களுக்குத் தொல்லை" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பற்றி நான்கு நாள் யோசித்தேன். அதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு விருந்தாளி படியேறினால் அடுப்படியில் ஒரு பெண்ணின் அரை நாள் போய்விடும். சொல்லாமல் போனால் "ஒன்றும் செய்து வைக்கவில்லையே" என்று வருந்துவார்கள். சொல்லிவிட்டுப் போனால் விடியற்காலையிலேயே மீன் வாங்க ஆள் அனுப்புவார்கள். ஆகவே சாப்பாட்டு நேரத்துக்கு எந்த வீட்டிலும் நிற்காமல், காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையிலும் பின்னேரம் நான்குக்குப் பிறகும் மட்டும் போவதென்று தீர்மானித்தேன். வெறுங்கையோடு போகும் வழக்கமும் நமக்கில்லை. பயற்றம் பணியாரம் செய்து எடுத்துக்கொள்கிறேன், அது நாலைந்து நாளுக்குக் கெடாது. கேக் கொண்டுபோவதில்லை. அதைக் கொண்டுபோனால் எல்லாரும் வட்டமாக நின்று என்னைப் பார்க்க வேண்டியிருக்கும். நான் அவர்களைப் பார்க்கத்தான் போகிறேன்.

22 டிசம்பர் 2024, இரவு

விடிய முன் பஸ் வந்து சேர்ந்தது. ஹபரணைக்குப் பிறகு மழை. கந்தளாயில் கண் விழித்தபோது குளத்தின் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று முகத்தில் பட்டது. அதுவே ஊருக்கு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டது.

காலையில் கோணேசர் கோயில். பிரெடரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் மழையில் நனைந்தபடி மரங்களுக்குக் கீழே ஒதுங்கி நின்றன. சிறு வயதில் அம்மா என் கையைப் பிடித்து அந்த ஏற்றத்தில் கூட்டிப்போகும்போது, போர்த்துக்கேயர் 1622இல் இடித்த பெரிய கோயில் இந்தக் கடலுக்குள் கிடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். பாறையின் விளிம்பில் நின்று பார்த்தேன். மாரிக் காலத்துக் கடல், சாம்பல் நிறம். அருச்சனைச் சீட்டில் நட்சத்திரம் கேட்டபோது உத்தரம் என்று சொல்ல ஒரு கணம் தயங்கினேன், பிறகு சொன்னேன்.

பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. விபூதி பூசிவிட்டு, "அறுபதோ? நேற்றுத்தான் உன்னைச் சேலைத் துண்டில் சுத்தித் தந்தவை" என்றார். எந்தத் திகதியில் பிறந்தேன் என்று கேட்டேன். அவருக்குத் திகதி தெரியாது. ஆனால் திருவெம்பாவை முடிந்து இரண்டாம் நாள் புயல் வந்தது என்றும், அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன் என்றும் உறுதியாகச் சொன்னார்.

இது எனக்குப் புதிய சிக்கலாகிவிட்டது. திருவெம்பாவையின் பத்து நாளும் மார்கழித் திருவாதிரையோடுதான் முடியும். இந்த ஆண்டு திருவாதிரை ஜனவரி 13இல் வருகிறது, திருவெம்பாவை இன்னும் தொடங்கவே இல்லை. டிசம்பர் 22க்கு முன் அது எப்படி முடிந்திருக்கும்? பெரியம்மா பிழையாகச் சொல்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் பாலையூற்று. நான் பிறந்த வளவில் இப்போது வேறு ஆட்கள் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வளவில் அந்தக் கத்தோலிக்க வீடு அப்படியே நிற்கிறது, கூரைக்கு மட்டும் புது ஓடு. அந்த வீட்டு மாமிக்கு எண்பது ஆகிறது. என்னைக் கண்டதும் பெயரைச் சொல்லவில்லை, "கிறிஸ்மஸ் பிள்ளை வந்திட்டுது" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புயலன்று எங்கள் கிடுகுக் கூரை முழுதாகப் போய்விட்டது. நிறைமாதத்தில் இருந்த அம்மாவை மாமியின் தாயார் தங்கள் ஓட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருந்தார். வீதியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. நத்தார் இராப்பூசைக்கு அந்த வீட்டார் புறப்பட்ட நேரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. மாமியும் தாயாரும் பூசைக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். விடியப் போகும் நேரத்தில் நான் பிறந்தேன். "நீ பிறந்தபடியால்தான் அந்த வருசம் நான் பூசை தவறவிட்டனான். அதை மறக்க ஏலுமோ?" என்றார் மாமி. அப்போது அவருக்கு இருபது வயது.

23 டிசம்பர் 2024, அதிகாலை

நித்திரை வராததால் அறையிலிருந்தபடியே கணக்கைப் பார்த்தேன். பெரியம்மா பிழையாகச் சொல்லவில்லை. அவரைச் சந்தேகித்ததற்கு இன்று போய் மன்னிப்புக் கேட்பேன்.

1964இல் பூரணை டிசம்பர் 19இல் வந்தது, அது மார்கழி பிறந்த பிறகு. ஆகவே திருவாதிரையும் அதை ஒட்டியே வந்து, புயலுக்கு முன் திருவெம்பாவை முடிந்துவிட்டது. இந்த ஆண்டு பூரணை டிசம்பர் 15இல் வந்தது, மார்கழி பிறந்தது 16இல். ஒரு நாள் வித்தியாசத்தில் அந்தப் பூரணை கார்த்திகைக்குப் போய்விட்டதால், மார்கழித் திருவாதிரை அடுத்த பூரணைவரை தள்ளிப்போயிருக்கிறது. மாதம் சூரியனைக்கொண்டும் நட்சத்திரம் சந்திரனைக்கொண்டும் கணக்கிடப்படுவதால் வரும் விளைவு இது. நத்தார் விடியலில், 1964 டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை, நட்சத்திரம் உத்தரம். பெரியம்மா, மாமி, அம்மாவின் நட்சத்திரம் மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. பத்திரம் மட்டும்தான் பத்து நாள் தள்ளி நிற்கிறது. பிறப்பைப் பதியப் போனபோது அப்பா திகதியை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். கூரை இல்லாத வீட்டையும் பச்சை உடம்புக்காரியையும் விட்டுவிட்டு வந்து நின்ற அந்த மனிதர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

23 டிசம்பர் 2024, இரவு

கிண்ணியாவுக்குப் பாலத்தால் போனேன். அதை 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மீற்றர் நீளம், இரண்டு நிமிடமும் ஆகாது. நாங்கள் படித்த காலத்தில் அந்த நீரைக் கடக்கப் 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி மெல்ல மெல்ல இழுத்துப்போகும் அந்தத் தட்டு மிதவையில்தான் என் தோழி திங்கட்கிழமைகளில் விடுதிக்கு வருவாள். பாதை பிந்தினால் முதற்பாடம் போய்விடும். தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இல் தொடங்கிய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் நாங்கள் ஒரே வாங்கில் ஏழு ஆண்டுகள் இருந்தோம்.

சாப்பாட்டு நேரத்துக்கு நிற்பதில்லை என்ற என் தீர்மானம் அவள் வீட்டில் நிலைக்கவில்லை. பத்து மணிக்குப் போனவளுக்கு வட்டிலப்பம் வைத்தாள், பிறகு பேசிக்கொண்டே சோறும் போட்டாள். தொல்லை என்று எழுதிய வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் எழும்ப எழும்ப அவள் முகம் வாடியது. நேரக் கணக்கோடு போவது அவளை நோகடித்தது. என் 9ஆம் திகதிக் குறிப்பில் அந்தப் பகுதியை நான் திரும்பப் பெறுகிறேன்.

அங்கிருந்து மூதூர் வழியாகச் சம்பூர். முன்பு மூதூருக்குத் திருகோணமலையிலிருந்து கடலால் லோஞ்சில் போவோம். இப்போது பாலங்கள் வந்த பிறகு தரைவழியே போய்விடலாம். சம்பூர்த் தோழியின் குடும்பம் 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஒன்பது மழைக்காலங்களைக் கழித்துவிட்டு, காணி திரும்பக் கிடைத்தபோது ஊருக்கு வந்தது. அவர்களுடைய பழைய வீட்டில் மிஞ்சியிருந்தது கிணற்றின் கட்டு மட்டுமே. அந்தக் கிணற்றடியில் இருவரும் இருந்து பேசினோம்.

இங்கே நான் எழுதத் தயங்கும் ஒன்று இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன் அவளுடைய கணவர் தவறிவிட்டார். ஆண்டுத் திவசம் முடியாத வீட்டுக்குப் பிறந்தநாள் என்று போகலாமா என்பது கொழும்பில் இருக்கும்போதே என்னை அரித்த கேள்வி. துடக்கு முப்பத்தோராம் நாளோடு கழிந்துவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பணியாரப் பொதியைப் பையிலேயே விட்டுவிட்டு, பிறந்தநாள் என்ற பேச்சையே எடுக்காமல், சும்மா வந்தவள்போல் போனேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அறுபதுக்கு வந்தனி எண்டு தெரியும். பணியாரத்தை எடு" என்றாள். பயற்றம் மாவின் வாசம் பைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் நாலு பணியாரம் கேட்டு வாங்கியிருப்பார் என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். இதில் எது முறை, எது முறையல்ல என்று இனி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். துக்க வீட்டை ஒதுக்கிவிட்டு மற்ற வீடுகளுக்கு மட்டும் போயிருந்தால் அதை அவள் மன்னித்திருப்பாள், என்னால் என்னை மன்னித்திருக்க முடியாது.

24 டிசம்பர் 2024

நிலாவெளி. தோழி பேரப்பிள்ளையைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருக்கிறாள் என்று பூட்டிய வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அயல் வீட்டில் பொதியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழியில் பெரியம்மாவிடம் போனேன். கணக்கைச் சொல்லி, அவரைச் சந்தேகித்ததையும் சொன்னேன். "எனக்குத் திகதி தெரியாது பிள்ளை. திருவெம்பாவை தெரியும்" என்றார்.

இன்றிரவு பஸ்ஸில் திரும்புவதாக இருந்தேன். பயணத்தை மாற்றிவிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

25 டிசம்பர் 2024

அதிகாலை நான்கரைக்கே எழுந்து முச்சக்கர வண்டியில் பாலையூற்றுக்குப் போனேன். மாமியின் வீட்டார் இராப்பூசை முடிந்து வந்து படுத்திருந்தார்கள். மாமி மட்டும் விழித்திருந்தார். நான் வருவேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, தெருப்பக்கம் இருக்கும் சின்ன அறையைக் காட்டினார். இப்போது அரிசி மூட்டைகளும் பழைய தையல் இயந்திரம் ஒன்றும் இருக்கும் அறை. "இதிலதான்" என்றார்.

இருவரும் அந்த அறை வாசலில் இரண்டு கதிரை போட்டு இருந்து தேநீர் குடித்தோம். அம்மா பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதன்முதலாகக் கேட்டது தண்ணீர் அல்ல, வீட்டுக் கூரை போட்டாயிற்றா என்பதையே என்று மாமி சொன்னார். அம்மாவைப் பற்றி நான் அறியாத ஒன்றை அறுபது வயதில் கேட்டேன். மண்டபத்தில் எனக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

29 டிசம்பர் 2024

பத்திரத்தைத் திருத்துவீர்களா என்று பலர் கேட்கிறீர்கள். இல்லை. அரசாங்க சேவையில் அறுபதில் ஓய்வு என்பதால் வரும் ஜனவரி 4இல் நான் ஓய்வு பெறுகிறேன். உண்மையான கணக்கில் பத்து நாள் கூடுதலாகப் படிப்பித்திருக்கிறேன், அந்தப் பத்து நாளும் பிள்ளைகளுக்கே இருக்கட்டும். ஆனால் மகளிடம் உண்மையான திகதியைச் சொல்லி எழுதிவைக்கச் செய்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் எழுந்த ஒரு மனத்தாங்கலையும் மறைக்காமல் எழுதுகிறேன். மகனுக்கு வருத்தம், தன்னையும் கூட்டிப்போயிருக்கலாமே என்கிறான். அவன் சொல்வது நியாயம். மண்டபம் வேண்டாம் என்று மறுத்த வேகத்தில், பிள்ளைகளும் வேண்டாம் என்பதுபோல் நடந்துகொண்டுவிட்டேன். என்னைச் சிறு வயதில் கண்டவர்களை அவர்களும் காண வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் முதல் நாள் எழுதிய வாதத்தில் இருந்த பெரிய குறை அதுதான், இதை வாசகர் ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை.

4 ஜனவரி 2025

பத்திரத்துப் பிறந்தநாள். பள்ளியில் மாலை போட்டார்கள், பிள்ளைகள் பாடினார்கள்.

இரவு பாலையூற்று மாமியின் பேத்தி தொலைபேசி எடுத்தாள். பணியாரத்தில் சீனி சற்றுக் கூடிவிட்டதாம், மாமிக்கு நீரிழிவு. அடுத்த நத்தாருக்குக் குறைத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னாராம். அடுத்த நத்தாரில் நான்கு பேராக வருவோம், அந்தச் சின்ன அறையைப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்று சொன்னேன். தையல் இயந்திரத்தை எடுத்து வேறிடத்தில் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்றேன்.